மெழுகின் எடை

மோல்மேனில் கரண்ட் போகாத ராத்திரி ஏது.
அப்படியொரு ராத்திரி
கடைக்கணக்கு முடிக்க ஏற்றின மெழுகுவர்த்தி
தராசின் இடத்தட்டில் வடிந்து
அடிப்பக்கம் போய் உறைந்துவிட்டது.
இடத்தட்டில்தான் பருப்பைக் கொட்டுவேன்.

நான் ஒட்டவைக்கவில்லை.
பதினெட்டு நாளும் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்:
அதுவாக வடிந்தது, அதுவாக ஒட்டியது.
சுரண்டி எறிய ஒரு நகம் போதும்.
நகம் இருந்தது.

வீசையை நூறு பங்காக்கினால்
அதில் ஒரு பங்கு.
காக்கை கொத்திப்போவது இதைவிட அதிகம்.

வியாழக்கிழமை ஜெபம் முடிந்து
எல்லாரும் செருப்புத் தேடிப் போன பிறகு
நானும் செல்லத்தங்கமும்
சபையின் பின்படியில் உட்காருவோம், நாலு வருஷமாக.
பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மா தான் ஏ;
பர்மிய டீச்சராக அங்கே யாரையும் அதட்டமாட்டாள்.
என்னிடம் மட்டும் மூன்று கேள்வி கேட்பாள்.
நானும் அவளிடம் அதே மூன்று.
இரண்டாவது கேள்வி:
"எப்சி, இந்த வாரம் உன் கை எங்கே நீண்டது?"

எங்கேயும் இல்லை என்றேன்.
அடுத்த வியாழனும்
எங்கேயும் இல்லை என்றேன், கொஞ்சம் சத்தமாக.

மூன்றாம் வியாழன் நல்ல மழை.
கூரைத் தகரம் இரைந்த இரைச்சலில்
சொன்னால் காதில் விழாது என்ற தைரியத்தில்
சொல்லிவிட்டேன்.

விழுந்தது.

கர்த்தர் மன்னிப்பார் என்று அவள் சொல்லவில்லை.
தராசைப் பற்றி வேதத்தில் இருப்பதையும் எடுக்கவில்லை;
எனக்கும் மனப்பாடம்தானே.
பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
"யார் யாருக்கு? எவ்வளவு?"

மொஹிங்கா கடை டோ மி சோ, தினம் ஒரு வீசை.
பிரியாணிக்கார காதர் மரைக்கார், ஞாயிறு தவிர.
சவரிராஜின் இளைய மகன், இரண்டு தடவை.
படகுத்துறையில் இறங்கி
அரை வீசை வாங்கிப் போனவர்கள்.
"பேர்?"
தெரியாது.
எழுதாமல் ஒரு வரியை விட்டாள்.
"இது இப்படியே இருக்கட்டும். நிரப்பாதே."

சனிக்கிழமை என்னோடு வந்தாள்.
வாசலிலேயே நின்றுகொண்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை.
நான்தான் பேசினேன், திக்கித் திக்கி, பர்மியத்தில்.
மெழுகு என்பதற்கான சொல்
அந்த நேரம் பார்த்து வரவில்லை.

மரைக்கார் சிரித்தார். பையன் டீ வாங்கித் தந்தான்.
டோ மி சோ
பொட்டலத்தை வாங்கித் தன் தராசில் வைத்தாள்.
முள் நிற்கும்வரை பார்த்தாள்.
தனாக்கா பூசிய முகத்தில் ஒன்றும் அசையவில்லை.
திங்கள் முதல் அவள் பருப்பு
எதிர்க்கடையில்.

அந்த வாரம் கடையில் எத்தனை முறை
செல்லத்தங்கத்தைத் திட்டினேன் என்று கணக்கில்லை.
கமுக்கமாக நாளுக்கு ஒரு பிடி
கூடப் போட்டே தீர்த்திருக்கலாமே.
யார் கேட்டார்கள்?

வியாழன். பின்படி.
"இந்த வாரம்?"
உன்மேல் கோபம், என்றேன்.
"சரி," என்றாள். "இன்னும் இருக்கிறதா?"
இருக்கிறது.
"சரி."

பிறகு என் முறை.
முதல் கேள்வி கேட்டேன், சொன்னாள்.
இரண்டாவதைக் கேட்டேன்.

சால்வீன் பக்கமிருந்து ஒரு படகு ஊதியது.
அவள் முந்தானை நுனியை
விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.
நாலு வருஷத்தில்
இவ்வளவு நேரம் அவள் எடுத்ததில்லை.
அவசரமில்லை என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை. அவள் எனக்குச் சொன்னதில்லையே.

கரண்ட் போனது.
உள்ளே போய் மெழுகுவர்த்தி கொண்டுவந்தேன்,
அடியில் ஒரு சாசர் வைத்து.
இரண்டு பேருக்கும் நடுவில்
படியில் வைத்துவிட்டு
உட்கார்ந்தேன்.